குட்டிமுள்ளை நிறுத்திவிட்டார்கள்

போன வாரம் உங்கள் கடைக்கு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தேன். குளிர்சாதனம் நன்றாக வேலை செய்தது. கழுத்தில் டை கட்டிய தம்பி ஒருவர் ஒரு பெரியவருக்குப் புது வாட்ச் காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெரியவர் தன் கையில் கட்டியிருந்ததைக் காட்டி, இதே மாதிரி இன்னொன்று மகனுக்கு வேண்டும் என்றார். தம்பி உதட்டைப் பிதுக்கினார். "சார், அது பழைய மாடல். கம்பெனியே நிறுத்திட்டாங்க" என்றார். பெரியவர் இடது கையை மெல்ல மேஜைக்குக் கீழே கொண்டுபோனார். அதை உங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. பில் போடும் மும்முரத்தில் இருந்தீர்கள்.

அந்த வாக்கியத்தை நானும் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன், உங்களைவிடச் சத்தமாக, உங்களைவிட மிடுக்காக. அதனால் ஒரு பெண் பெட்டியோடு புருஷன் வீட்டை விட்டு அப்பன் வீட்டுக்கு வந்து நின்றாள். பணி ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசச் சொன்னீர்கள். வாட்சை எப்படிப் பிடிப்பது, எப்படித் துடைப்பது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதற்குக் கம்பெனிக்காரன் புத்தகம் அச்சடித்துக் கொடுத்திருக்கிறான். நான் இந்த ஒரு கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

அப்போது நான் தென்காசியில் ரத வீதிப் பக்கம் ஒரு சிறிய கடையில் இருந்தேன். விற்பதும் நான்தான், பழுது பார்ப்பதும் நான்தான். முதலாளி ஒரு ராவுத்தர். கல்லாவில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார், வார்த்தையை எண்ணித்தான் பேசுவார். ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் கடையில் ஒரே ஒரு சுவிஸ் வாட்ச்தான் ராஜா. தங்க முலாம், வெண்ணெய் நிறத்தில் டயல், ஆறு மணி இருக்கும் இடத்தில் ஒரு சின்ன வட்டம், அதற்குள் வினாடிக்கு ஒரு குட்டி முள். கம்பெனியின் பெயர் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. எல்லாருக்கும் அது 'குட்டிமுள்'தான். "ஒரு குட்டிமுள் எடுத்து வையும் வேய்" என்பார்கள், ஏதோ ஒரு படி அரிசி கேட்பதுபோல. விலையைக் கேட்டால் மட்டும் குரல் இறங்கிவிடும்.

அது ஏன் அப்படி ஓடியது தெரியுமா? கல்யாணத்தில் மணமகனுக்கு மச்சினன் மோதிரம் போடும்போது கூடவே வாட்சும் கட்டிவிடுவது என்று ஒரு பழக்கம் எங்கள் பக்கம் வந்திருந்தது. பந்தலில் அத்தனை பேர் கண்ணும் அந்த மணிக்கட்டின் மேல்தான். முதல் மாப்பிள்ளைக்குக் குட்டிமுள் என்றால் இரண்டாவது மாப்பிள்ளைக்கும் குட்டிமுள். சகலைமார் இருவர் ஒரே பந்தியில் உட்கார்ந்தால் இலையில் என்ன விழுகிறது என்று பார்ப்பதற்கு முன்னால் ஒருவர் கையை ஒருவர் பார்ப்பார்கள். படித்தவர்கள், உத்தியோகம் பார்ப்பவர்கள், எல்லாரும்தான். வெட்கமே கிடையாது.

அச்சன்புதூரில் ஒரு விவசாயி. நெல் வயல், நல்ல மனுஷன், இரண்டு பெண்கள், ஒரு பையன். மூத்தவள் செண்பகத்தை மேலகரத்தில் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை ஒரு சர்க்கார் ஆபீஸில் கிளார்க். அந்தக் கல்யாணத்துக்குக் குட்டிமுள் வாங்கிப்போனவர், இரண்டு வருஷம் கழித்து வைகாசியில் மறுபடி வந்தார். சின்னவளுக்கு ஆவணியில் முகூர்த்தம் வைத்திருக்கிறதாம்.

"தம்பி, அதே வாட்ச் ஒண்ணு இப்பவே எடுத்து வச்சிரட்டுமா?"

"என்னத்துக்கு அண்ணாச்சி அவசரம்? ஆவணியில வாங்க. குட்டிமுள் எங்க ஓடிப்போவுது?" என்றேன் நான். எழுந்து இரும்புப் பெட்டியைத் திறக்கச் சோம்பல், வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஆனி பிறந்தது, சாரல் அடித்தது, மெட்ராஸிலிருந்து கம்பெனி ஏஜெண்ட் குற்றாலத்துக்கு வந்து சேர்ந்தார். மற்ற மாதங்களில் தென்காசி என்று ஓர் ஊர் இருப்பதே அவருக்கு ஞாபகம் இருக்காது. சீசனில் மட்டும் எங்கள் மேல் பாசம் பொங்கும். வியாபாரம் பேச நாங்கள்தான் ஆர்டர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு குற்றாலம் போக வேண்டும். நான் போனபோது அவர் ஒரு பலகையில் குப்புறப் படுத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். முதுகில் ஒருவன் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தான். அந்த அடிகளுக்கு நடுவே சொன்னார்:

"குட்டிமுள் இனி கிடையாது மிஸ்டர். கம்பெனி நிறுத்தியாச்சு. புது மாடல் வந்திருக்கு. வினாடி முள் நடுவிலிருந்தே ஓடும், நீளமா. இறக்குமதி லைசென்ஸ் கெடுபிடியில உங்க கடைக்கு மூணு உருப்படிதான்."

கடையில் விற்கிற ஒரே பொருளை நிறுத்தினால் எப்படி? ஏன் என்று கேட்டேன். நடுமுள் பார்க்க வசதி, டாக்டர்கள் நாடி பிடிக்கலாம் என்றார். எங்கள் ஊரில் டாக்டரா வாங்குகிறார் என்றேன். பழைய அச்சு தேய்ந்துவிட்டது என்றார். அதற்குப் புது அச்சு செய்யக்கூடாதா என்றேன். மனுஷன் திரும்பி மல்லாந்து படுத்தார்.

"சரி, உங்க பக்கம் அதை யார் யார் கட்டுறாங்க, சொல்லும்."

நான் பெருமையாக எடுத்துவிட்டேன். மில்காரர், இரண்டு வக்கீல், பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர், ஆய்க்குடியில் ஒரு மிராசுதார், அச்சன்புதூரில் ஒரு விவசாயியின் மாப்பிள்ளை.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அதான்யா காரணம். அச்சன்புதூர் மாப்பிள்ளை கட்டின வாட்சை மெட்ராஸ்ல ஜட்ஜ் எப்படிக் கட்டுவார்? அவர் கழட்டி வச்சிட்டாருன்னா எங்க பிழைப்பு என்ன ஆவறது?" என்று சொல்லிவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு அருவிக்குப் போய்விட்டார்.

அன்றைக்குத்தான் இந்தத் தொழிலின் குடலை நான் பார்த்தேன். உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் வண்ணப் படம் போட்டு, புதுமை, முன்னேற்றம், காலத்துக்கேற்ற வடிவம் என்றெல்லாம் சொல்லித்தருகிறார்கள். நான் சுருக்கமாகச் சொல்கிறேன். விற்காத மாடலை எவனும் நிறுத்தலாம், அதில் ஒரு சாமர்த்தியமும் இல்லை. நன்றாக விற்கும் மாடலை நிறுத்துகிறான் பாருங்கள், அவன்தான் பெரிய கம்பெனிக்காரன். அவன் விற்பது மணி காட்டும் கருவியை அல்ல. பக்கத்தில் இருப்பவனிடம் இல்லாத ஒன்றை விற்கிறான். பக்கத்தில் இருப்பவனும் வாங்கிவிட்டால் சரக்கு தீர்ந்தது. உடனே முள்ளை நகர்த்துவான், டயலின் நிறத்தை மாற்றுவான், அரைக்கால் அங்குலம் பெரிதாக்குவான், பழசுக்குப் பாகம் அனுப்பமாட்டான். நேற்று வரை நிம்மதியாக இருந்தவனுக்கு இன்று கை அரிக்கும். முப்பது வருஷம் கழித்து அதே பழைய குட்டிமுள்ளைத் தூசி தட்டி, பாரம்பரியப் பதிப்பு என்று பேர் வைத்து, மூன்று மடங்கு விலைக்கு அவனே கொண்டுவருவான். நீங்களும் வெல்வெட் துணியில் வைத்துப் பயபக்தியோடு காட்டுவீர்கள்.

இவ்வளவு தெரிந்த நான் என்ன செய்தேன்? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா?

ஆவணியில் அச்சன்புதூர்க்காரர் வந்தார். குட்டிமுள் இல்லை என்றதும் முகம் வெளிறிப்போனது.

"நீதானப்பா ஆவணியில வரச் சொன்ன? வேற வாட்ச் கட்டுனா சின்ன மாப்பிள்ளைக்குக் குறைச்சிட்டேன்னுல்லா சொல்லுவாவ! பந்தல்ல வச்சு அசிங்கமாப் போவுமே!"

தப்பு என்னுடையது. அதை ஒப்புக்கொண்டிருக்கலாம். ஆனால் கடையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் வாட்சுக்கு வார் மாற்ற வந்த மேலகரத்துக்காரர். அவர்கள் முன்னால் தலைகுனிய எனக்கு மனம் வரவில்லை. மார்பை நிமிர்த்திக்கொண்டு புது மாடலை எடுத்து வைத்தேன்.

"குறைச்சலா? அண்ணாச்சி, இதுதான் உசத்தி! குட்டிமுள் பழைய மாடல். கம்பெனிக்காரனே தூக்கிப் போட்டுட்டான். இனி விவரம் தெரிஞ்சவன் எவனாவது அதைக் கட்டுவானா?"

அவர் முகம் தெளிந்தது. வாங்கிக்கொண்டு போனார். சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டோம் என்று நான் மத்தியானம் ஒரு பங்கு சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன். மூத்த மாப்பிள்ளை கையில் அதே குட்டிமுள் இருக்கிறது என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

கல்யாணப் பந்தலில் நடந்ததைப் பிறகு கேள்விப்பட்டேன். தாலி கட்டும் நேரம் நெருங்கியபோது யாரோ ஒரு பெரியவர் மூத்த மாப்பிள்ளையிடம் மணி கேட்டிருக்கிறார். அவர் கையைத் திருப்பிப் பார்த்து, "ஏழு இருவது" என்றாராம். மணமேடையில் சின்ன மாப்பிள்ளையின் புது வாட்சைப் பார்த்தால் மணி ஏழு ஐம்பது. கூட்டத்தில் இருந்த வார் மாற்றவந்த புண்ணியவான், "குட்டிமுள்ளுல்லா, அப்படித்தான் இருக்கும். கம்பெனிக்காரனே தூக்கிப் போட்ட மாடல்னு கடையிலேயே சொல்லுதான்" என்று எடுத்துவிட்டார். பந்தலே சிரித்தது. மூத்தவர் வாட்சைக் கழற்றி மாமனார் கையில் திணித்துவிட்டு, சாப்பிடாமல் கிளம்பிப் போய்விட்டார். மூன்றாம் நாள் செண்பகத்தையும் பெட்டியோடு அனுப்பிவிட்டார். 'உங்க அப்பா சின்ன மாப்பிள்ளைக்குக் கட்டுன மாதிரி புது மாடலோட வா. இல்லைன்னா அங்கனயே இரு.' இதுதான் அவர் சொல்லி அனுப்பிய சேதி. சர்க்கார் உத்தியோகஸ்தர்!

மறுநாள் அப்பாவும் மகளும் கடைக்கு வந்தார்கள். அவர் அந்த வாட்சை என் முன்னால் கண்ணாடிமேல் வைத்தார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இன்னொரு புதுசு குடுத்திருப்பா. எம்மவ வாழணும்" என்றார்.

வந்தது மூன்று, மூன்றும் விற்றுவிட்டது. ஏஜெண்ட் சாரல் நின்றதுமே மெட்ராஸுக்கு ரயில் ஏறியாயிற்று. அடுத்த சரக்கு அடுத்த வருஷம் வந்தால் உண்டு. இதைச் சொன்னதும் அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ராவுத்தர் பேப்பரை மடித்து வைத்தார். விஷயம் முழுக்க அவர் காதில் விழுந்திருந்தது. அச்சன்புதூர்க்காரரை உள் அறைக்கு அழைத்துக்கொண்டு போகும்போது என்னைப் பார்த்து ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"நீ பேசுனது. நீயே பாரு."

நானும் செண்பகமும் மட்டும் முன்பக்கம் இருந்தோம். என்ன செய்வதென்று தெரியாமல் கைப்பழக்கத்தில் வாட்சை எடுத்துச் சாவியை முறுக்கினேன். காதில் வைத்தேன். சத்தம் இல்லை. முள் ஏழு மணியில் நின்றுகொண்டிருந்தது. டயலில் ஓரமாக ஒரு பழுப்புக் கறை. பின்மூடியைத் திறந்தேன். உள்ளே எல்லாம் துரு. ஒரு சக்கரம்கூட அசையவில்லை. நேற்று இன்று பிடித்த துரு இல்லை அது.

நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

"போன வருசச் சாரல்ல, ஐந்தருவியில" என்றாள் மெதுவாக. "கழத்தி வையுங்கன்னு சொன்னேன், கேக்கல. கூட ஆபீஸ்காரவுக நின்னாவ, வாட்ச் தெரியணும்லா. கட்டிக்கிட்டே அருவியில நின்னாவ."

"ஏன் கொண்டுவந்து காட்டல?"

"இங்கன கொண்டாந்தா அப்பாவுக்குத் தெரிஞ்சுரும்னு விட்டுட்டாவ. முள்ளு மட்டும் திருப்பினா திரும்பும். தினமும் ஆபீசுக்குக் கிளம்பையில நான்தான் ஒம்பதரைக்குத் திருப்பி வச்சுக் குடுப்பேன். யாராவது மணி கேட்டா ஒரு குத்துமதிப்பாக் கூட்டிச் சொல்லிக்கிடுவாவ." என் கையில் இருந்த வாட்சைப் பார்த்தாள். "கல்யாணத்தன்னைக்கு விடியக்காலம் ஏழுக்கு வச்சேன். நடுவுல இன்னொருக்கத் திருப்பியிருக்கணும். தங்கச்சி கல்யாணச் சோலியில மறந்துட்டேன் அண்ணாச்சி. எம்மேலதான் தப்பு. அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதிய."

எனக்கு வந்த கோபத்தை எந்தத் தமிழில் சொல்வது? ஒரு வருஷத்துக்கு மேலாகச் செத்த வாட்சைக் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றியிருக்கிறான். அதைக் கழற்ற ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்திருக்கிறான். 'கம்பெனியே தூக்கிப் போட்டது' என்று அந்தச் சாக்கை அழகாக எடுத்துக் கொடுத்தவன் நான். தப்பு தன்னுடையது என்கிறாள், இந்த நாடகத்தில் உண்மையிலேயே வேலை பார்த்த ஒரே ஆள்.

அவள் அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். மாப்பிள்ளையின் மானம் போகும், அந்த ஆத்திரத்தை அவன் இவள் மேல்தான் காட்டுவான். பழுது பார்க்கலாமா? நிறுத்திய மாடல், பாகம் வராது. தென்காசியில் அன்றைக்கு என் கைக்கு எட்டும் தூரத்தில் இன்னொரு குட்டிமுள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என் கையிலேயே இருந்தது. நாலு வருஷம் பீடியைக் குறைத்து, காப்பியைக் குறைத்து வாங்கியது.

கழற்றினேன். பின்மூடியைத் திறந்து, உள்ளே இருந்த எந்திரத்தை டயலோடும் முள்ளோடும் தூக்கி, மாமனார் கட்டிவிட்ட கூடு மாறக்கூடாது என்று மாப்பிள்ளையின் கூட்டுக்குள் வைத்தேன். அவனுடைய துருப்பிடித்த எந்திரத்தை என் கூட்டுக்குள் வைத்து மூடினேன். செண்பகம் பார்த்துக்கொண்டே இருந்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள், உள் அறையில் அப்பாவின் இருமல் சத்தம் கேட்டதும் நிறுத்திக்கொண்டாள்.

நேராக மாப்பிள்ளையின் ஆபீசுக்குப் போனேன். சாப்பாட்டு நேரம், ஏழெட்டு கிளார்க்குகள் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். அதற்காகத்தான் அந்த நேரம் பார்த்துப் போனேன். நாலு பேர் கேட்கிற மாதிரி ஆரம்பித்தேன்.

"சார், வணக்கம். ஒரு உதவி கேட்டு வந்தேன். குட்டிமுள்ளைக் கம்பெனியே நிறுத்திட்டான். இனி சுவிட்சர்லாந்துக்கே போனாலும் கிடைக்காது. இங்கன ஒரு மில்காரரு சகலைக்கு வேணும்னு துடிக்காரு. புது மாடல் வேண்டாமாம். புதுசு எவன் வேணும்னாலும் வாங்கலாம்னு சொல்லுதாரு. உங்க மாமனார்கிட்ட கேட்டா, மாப்பிள்ளை பொருளை நான் எப்படிக் குடுப்பேன்னு அடிக்க வாராரு. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா..."

பாருங்கள், அதே வாக்கியம். கம்பெனியே நிறுத்திவிட்டான். கடையில் சொன்னபோது வாட்ச் குப்பை ஆனது, இங்கே சொன்னதும் பொக்கிஷம் ஆனது. மாடல் அதேதான், சொன்ன இடம்தான் வேறு. பக்கத்து மேஜைக்காரர் சாப்பாட்டுக் கையோடு எழுந்துவந்து எட்டிப் பார்த்தார்.

மாப்பிள்ளையின் கழுத்து நீண்டது. "கொடுக்கதுக்கா மாமா கட்டிவிட்டாரு? கொண்டாரும் இங்க" என்று என் கையிலிருந்து பிடுங்கினார். பழக்கதோஷம், காதில் வைத்தார்.

"ஓடுதே!" என்று வாய்தவறி வந்துவிட்டது.

நான் அவர் முகத்தை நேராகப் பார்த்தேன். "குட்டிமுள் என்னைக்கு சார் நின்னுது?" என்றேன்.

முகம் சிவந்தது. கறையில்லாத டயலையும் பார்த்தார், என் வெறும் மணிக்கட்டையும் பார்த்தார். வாட்சைக் கையில் கட்டிக்கொண்டார். அன்று சாயங்காலமே அச்சன்புதூருக்கு பஸ் ஏறி, பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

சின்ன மாப்பிள்ளையை மறந்துவிட்டேனே. ஒரு மாதம் கழித்து நடுமுள் வாட்சை என்முன் வீசினார். சகலை உலகத்திலேயே கிடைக்காத வாட்ச் கட்டியிருக்கிறாராம், தனக்கு மட்டும் எவன் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய வாட்சாம். மாமனார் பாரபட்சம் பார்க்கிறாராம். நான் அவரைக் குற்றாலத்துக்குப் போய்த் தலைக்கு நன்றாகத் தண்ணீர் விடச் சொன்னேன். வாட்சைக் கழற்றி வைத்துவிட்டு விடச் சொன்னேன்.

செண்பகத்தைப் பிறகு ஒரே ஒரு தடவை, ரத வீதியில், இடுப்பில் குழந்தையோடு பார்த்தேன். வாட்ச் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லா ஓடுது அண்ணாச்சி. இப்ப நான் திருப்பி வைக்க வேண்டியதில்ல" என்றாள். இரண்டடி நடந்தவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "வாட்சுக்குள்ள மாத்திட்டிய. கட்டுதவுகளுக்குள்ள மாத்த எந்தக் கம்பெனிக்காரனுக்கும் தெரியாது போல."

நான் வீட்டுக்குப் போன பிறகு அந்தச் செத்த வாட்சைக் கட்டிக்கொண்டேன். சொன்ன சொல்லுக்குத் தண்டனை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட்ச் கடையில் சுவர் முழுக்கக் கடிகாரம், எனக்கு மணிக்குக் குறைவில்லை. அதற்குப் பிறகு இத்தனை வருஷமாக ஆயிரக்கணக்கான பேர் என் கையைப் பார்த்து, "என்ன மாடல்?" என்று கேட்டிருக்கிறார்கள். அது ஓடுகிறதா என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை.

போன வாரம் நான் கிளம்பும்போது அதே டை கட்டிய தம்பி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "சார், இது குட்டிமுள்தானே? கம்பெனி நிறுத்தின மாடல்! இன்னைக்கு இதோட மதிப்பு தெரியுமா? டயல்ல அந்தக் கறைதான் சார் அழகு, எனக்குக் குடுத்துருங்க" என்றார். வாட்ச் விற்கிற தம்பி, காதில் வைத்துப் பார்க்கவில்லை. கடைச் சுவரில் மணி ஒன்றே கால். என் கையில் ஏழு மணி, செண்பகம் கடைசியாகத் திருப்பி வைத்தது.